வாட்டில் அடிக்கடி விழும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது?

வாசகர் கடிதம்: "முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் இரண்டு வருடமாகத் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். 38 வயதுப் பெண் ஒருவர் மாதத்தில் மூன்று நாலு தடவை அட்மிற் ஆகிறார். உடம்பு முழுக்க உளைவு, நெஞ்சடைப்பு, கால் விறைப்பு என்று தொடங்கும். பிறகு விழுந்து கை கால் அடிப்பார். கணவர் 2009இல் காணாமல் போனவர். ஈ.சி.ஜி., ஸ்கான், இரத்தம் எல்லாம் சரியென்றே வருகிறது. மாவட்ட வைத்தியசாலையில் மனநல டொக்டர் பார்த்து, மெய்ப்பாட்டு நோய் (உடல் அறிகுறிகளும் அவை பற்றிய பயமும் வாழ்க்கையைக் குழப்பும் நிலை), அதோடு விலகல் நிலை வலிப்பு (மூளையில் மின் கிளர்ச்சி இல்லாமல் வரும் வலிப்பு) என்று எழுதியிருக்கிறார். எங்கள் வாட்டில் 'அது நடிப்பு' என்று சொல்லி, மருந்தில்லாத தண்ணி ஊசி போடுகிறார்கள், அமோனியா மணக்க வைக்கிறார்கள். தாயார் கோயிலுக்கும் பார்வை பார்க்கவும் கூட்டிக்கொண்டு திரிகிறார். அவர் விழும்போது நான் என்ன செய்ய வேண்டும்? விழாதபோது என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள தங்கச்சி,

"விழாதபோது என்ன செய்வது" என்ற உங்கள் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. இந்த நோயாளருக்கான பராமரிப்பில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. ஆனால் விழும் நேரத்தில் பிழை விட்டால் பிறகு செய்வதெல்லாம் எடுபடாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதற்கும் முன்னால் 'நடிப்பு' என்ற சொல்லை வாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நடிப்பவருக்குத் தான் நடிப்பது தெரியும். இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. கால் உண்மையாகவே தூக்க ஏலாமல் இருக்கிறது, உளைவு உண்மையாகவே உளைகிறது. மூளை உடம்புக்குக் கட்டளை கொடுக்கும் விதமும், உடம்பிலிருந்து வரும் சேதியை வாசிக்கும் விதமும் குழம்பியிருக்கின்றன. நரம்போ தசையோ பழுதாகவில்லை. உறவினருக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால் குளத்தையும் அதன் துருசையும் (மதகுக் கதவு) சொல்லுங்கள்: "குளத்திலை தண்ணி கிடக்கு, வாய்க்காலும் உடையேல்லை. துருசுதான் இறுகிப்போய்க் கிடக்கு. துருசைத் திறக்கப் பழக்க வேணும்." வயல் செய்த குடும்பத்துக்கு இது ஒரு தரத்தில் விளங்கும். 'மனநோய்' என்ற சொல்லால் வரும் பயமும் இதில் இல்லை.

இனி விழும் நேரம். அவர் சரியத் தொடங்கியதும் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால் பிறகு எந்த முடிவும் சரியாக எடுக்க முடியாது. ஆளை நிலத்தில் அல்லது கட்டிலில் பக்கவாட்டாகச் சரித்து, தலைக்குக் கீழே மடித்த துவாயை வையுங்கள். ட்ரிப் ஸ்டாண்ட், ஸ்டூல், சுடுதண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கழுத்தடிப் பொத்தானைத் தளர்த்தி, சீலை விலகினால் போர்வையால் மூடிவிடுங்கள். கை காலை அமத்திப் பிடிக்க வேண்டாம். பிடித்தால் அடிப்பு கூடும், தோள் மூட்டு விலகவும் கூடும். வாய்க்குள் கரண்டியோ துணியோ வைக்க வேண்டாம், இரும்பும் கையில் கொடுக்க வேண்டாம். பார்க்க வந்து நிற்கும் கூட்டத்தை அனுப்பிவிட்டு, தாயாரையும் உங்களையும் தவிர ஒருவரும் நிற்காதபடி திரையை இழுத்து விடுங்கள்.

அதே நேரத்தில் ஒட்சிசன் அளவு, நாடித்துடிப்பு, பிறஷர், விரல் நுனியில் சீனி ஆகிய நான்கையும் எடுத்துவிடுங்கள். சீனி 70க்குக் கீழே என்றால் இது வேறு கதை, உடனே குளுக்கோஸ் வேண்டும். ஒட்சிசன் குறைந்தாலும் வேறு கதைதான். முந்தின இருபது தரமும் சரியாக இருந்தது என்பதற்காக இருபத்தோராவது தரம் எடுக்காமல் விடாதீர்கள். பிழை நடப்பது பெரும்பாலும் அந்த இருபத்தோராவது தரத்தில்தான்.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. விலகல் நிலை வலிப்பில் கண்கள் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும், திறக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். தலை இடமும் வலமுமாக ஆடும். கை ஒரு தாளத்திலும் கால் வேறு தாளத்திலும் அடிக்கும். கூடுவதும் குறைவதுமாய், இரண்டு நிமிடத்தைத் தாண்டியும் போகும். இடையில் அழுகை வரலாம். மூளையில் மின் கிளர்ச்சியால் வரும் வலிப்பில் கண் பெரும்பாலும் திறந்திருக்கும், உடம்பு முதலில் விறைத்துப் பிறகு ஒரே தாளத்தில் உதறும், ஒன்று இரண்டு நிமிடத்தில் அடங்கும். பிறகு குறட்டை போன்ற கனத்த மூச்சும், நெடுநேரக் குழப்பமும் இருக்கும். நாக்கின் பக்கவாட்டில் கடித்த காயம் இந்த மின் கிளர்ச்சி வலிப்பையே காட்டும். சிறுநீர் போவதும் காயப்படுவதும் இரண்டிலும் நடக்கலாம் என்பதால் அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இவற்றில் எந்த ஒரு அடையாளமும் தனியே போதாது. இரண்டு வலிப்பும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தலையில் செல் (எறிகணை) துண்டுக் காயம் பட்டவர்களிடம் அதை எப்போதும் நினைத்துப் பார்க்க வேண்டும். தாயாரின் சம்மதத்தோடு தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்தால், டொக்டருக்கு எழுதிக் கொடுக்கும் பத்து வரியைவிட அது உதவும். முகமும் கண்ணும் தெரிய எடுங்கள். காட்டி முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால், அல்லது உதறல் ஐந்து நிமிடத்தைத் தாண்டியும் எது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், மின் கிளர்ச்சி வலிப்பு என்றே எடுத்து டொக்டரைக் கூப்பிடுங்கள். அது பிழையாகிப் போனாலும் பரவாயில்லை. ஆனால் விலகல் நிலை என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் "அடங்கேல்லை" என்று டயஸெபாம் என்ற வலிப்படக்கும் மருந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவது ஆபத்து. வலிப்பு அதற்கு அடங்காது, மூச்சுத்தான் அடங்கும். இந்த நோயாளர்கள் செயற்கைச் சுவாசம் வரை போவது இந்தப் பாதையால்தான்.

நோய்ப்பெயர் எழுதப்பட்டிருந்தாலும் கண்ணை மூடிவிடக் கூடாத சில இடங்கள் வன்னிக்கென்றே இருக்கின்றன. கர்ப்பிணி, அல்லது பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்குள் இருக்கும் தாய் வலித்து விழுந்தால், இல்லையென்று தெரியும் வரை அது கர்ப்பகால வலிப்புத்தான். பிறஷரும் சிறுநீரில் புரதமும் உடனே பார்க்க வேண்டும். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியப்புறம் வயிற்று நோவோடு எழும்பி, கண் இமை தூக்க ஏலாமல், பேச்சுக் குழறி, கால் கை சோர்ந்து போனால் கட்டுவிரியனை நினையுங்கள். அதன் கடியில் பெரும்பாலும் நோவு இராது, பல்லுப் பட்ட அடையாளமும் தெரியாமல் போகலாம். பயத்தில் வந்த சோர்வு என்று ஓரமாகப் படுக்க வைத்தால் மூச்சு நிற்கும்.

உடம்புக்குள் செல் துண்டோடு வாழ்பவர்களையும் சொல்ல வேண்டும். "உளையுது" என்று அவர்கள் சொல்லும் இடத்தில் சிலவேளை ஒரு துண்டு நரம்பை அமத்திக்கொண்டிருக்கும், சிலவேளை சீழ் பிடித்திருக்கும். சேலைக்கு மேலால் கேட்டுவிட்டுப் போகாமல், திரைக்குள் தழும்புகளைப் பார்த்து, எங்கெங்கே என்று ஒரு உடல் படத்தில் குறித்து வையுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினால் உடம்பில் இரும்பு இருக்கிறதென்பதைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும். காந்தம் அந்தத் துண்டை அசைக்கவும் சூடாக்கவும் கூடும். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட இருந்தால் அது பெரிய ஆபத்து.

இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். எக்ஸ்றேயில் துண்டு தெரிந்தால் மெய்ப்பாட்டு நோய் இல்லையென்று ஆகிவிடாது. 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 என்ற நோய்ப் பகுப்பு, 'உடலில் காரணம் காணப்படாமல் இருக்க வேண்டும்' என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. அறிகுறி வாழ்க்கையைக் குழப்புகிறதா, அதைப் பற்றிய யோசனையும் பயமும் அளவுக்கு மீறியிருக்கின்றனவா, ஆறு மாதத்துக்கு மேலாக நீடிக்கிறதா என்பவைதான் கேள்வி. காயமும் இருக்கலாம், மெய்ப்பாடும் இருக்கலாம். ஒன்றைக் கண்டால் மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

தண்ணி ஊசியை நிறுத்தச் சொல்லி சிஸ்டரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். ஊசி போட்டதும் எழும்பினால் "பாத்தியே, நடிப்பு" என்கிறார்கள். அது பிழையான முடிவு. எதிர்பார்ப்பினால் குறைவது உண்மை வலியிலும் நடக்கும். ஊசியில்லாமல் எழும்ப முடியாது என்பதையும் அந்த ஊசி அவருக்குப் பழக்கிவிடுகிறது. என்றைக்காவது விசயம் தெரிந்தால், உங்கள் கையால் வரும் எந்த மருந்தையும் பிறகு நம்பமாட்டார். அமோனியா, நெஞ்சில் முஷ்டியால் உரசுவது, கையைத் தூக்கி முகத்தில் விழ விடுவது எல்லாம் தண்டனை. அடியும் உதையும் பட்ட உடம்புக்கு அது இன்னொரு அடி. விலகல் நிலையைத் தூண்டுவதும் அதுவே.

அவருக்குக் கேட்கும், அதனால் பேசுங்கள். தாழ்ந்த குரலில், ஒரே மாதிரி: "நான் மிஸ்ஸிதான். இது ஆஸ்பத்திரி. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணி. அம்மா பக்கத்திலை இருக்கிறா. இது மெல்ல அடங்கும், நான் நிக்கிறன்." இதற்குமேல் வேண்டாம். தொடுவதென்றால் "கையைத் தொடப்போறன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தெளிந்து வரும்போது உள்ளங்கால் இரண்டையும் சீமெந்துத் தரையில் பதிக்கச் சொல்லி, குளிர் தண்ணிக் கப்பைக் கையில் கொடுங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட்டு உணரும் நாலு, கேட்கும் சத்தம் மூன்று, மணம் இரண்டு, சுவை ஒன்று என்று சொல்ல விடுங்கள். மணத்துக்கு எலுமிச்சம் இலையை அவர் கையிலேயே கொடுத்துக் கசக்க விடலாம். மூக்கில் திணிக்கும் அமோனியாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கைதான். எப்போது மணப்பது என்று அவரே முடிவெடுக்கிறார்.

கை கால் விறைப்புக்கும் நெஞ்சடைப்புக்கும் பல தடவை மூச்சே காரணம். பயத்தில் விரைவாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால் வாயைச் சுற்றிக் கூசும், விரல்கள் மடங்கி இறுகும். அப்போது 'மூச்சை இழுங்கோ' என்று சொல்வது நெருப்பில் எண்ணெய். வெளியே விடுவதை நீட்டச் சொல்லுங்கள்: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே, ஐந்து நிமிடம். நீங்களும் கூடச் செய்தால் அவர் பின்தொடர்வார். கடதாசிப் பையை முகத்தில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது உயிருக்கே கேடு.

எழும்பிய பிறகு "ஒண்டும் இல்லை" என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் ஆறுதல் இல்லை; "நம்பேல்லை" என்றுதான் அவர் காதில் விழும். அடுத்த தடவை இன்னும் பலமான அறிகுறியோடு வரவேண்டியிருக்கும். "உங்கடை இதயத்தைப் பார்த்திட்டம், அது நல்லா வேலை செய்யுது. நெஞ்சு இறுகிறது உண்மைதான். அது ஏன் இறுகுது, எப்பிடித் தளர்த்துறது எண்டு இனிப் பார்ப்பம்" என்று சொல்லுங்கள். முடிவு, அங்கீகாரம், அடுத்த படி. மூன்றும் அந்த ஒழுங்கில் வர வேண்டும்.

இனி, விழாத நேரம்.

வாட்டில் நடப்பதை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். அவர் பேசாமல் கிடக்கும்போது ஒருவரும் கட்டிலுக்குப் போவதில்லை. விழுந்தால் ஐந்து பேர் ஓடுகிறார்கள். 'உன் உடம்பு கத்தினால் மட்டும் நாங்கள் வருவோம்' என்று நாங்களே அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கணவர் காணாமல் போன நாளிலிருந்து யாரும் நின்று கேட்காத ஒரு பெண்ணுக்கு அது வேறு எப்படித்தான் விளங்கும்? அதனால் வருகையை மணிக்கூட்டோடு கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கடமை முறையிலும் குறித்த நேரத்தில் பத்து நிமிடம் கதிரை போட்டு இருங்கள். உதாரணத்துக்கு காலை ஒன்பது, மாலை நாலு, இரவு எட்டு. வலி இருந்தாலும் போக வேண்டும், இல்லாவிட்டாலும் போக வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் வலியைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். பிள்ளை, தோட்டம், ஆடு, நிவாரண அட்டை, அவர் எதைச் சொன்னாலும் அது. இடையில் முறைப்பாடு வந்தால் போய்க் கேட்டு, சோதிக்க வேண்டியதைச் சோதித்து, முடிவைச் சொல்லி, மூன்று நாலு நிமிடத்தில் திரும்புங்கள். புதிய அறிகுறி என்றால் டொக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். பழையதென்றால் "நாலு மணிக்கு வருவன்" என்று சொல்லி, நாலு மணிக்கே போங்கள். ஒரு தடவை பிந்தினால்கூட முழு ஏற்பாடும் ஆடிப்போகும்.

இதைத் தொடங்கிய முதற் சில நாட்களில் அறிகுறி கூடும். எல்லா வாட்டிலும் திட்டம் குழம்புவது அந்த நாட்களில்தான்: ஒருவர் பொறுக்க முடியாமல் ஊசியோடு ஓடுவார். கூடுமென்று சிஸ்டருக்கும் இரவுக் கடமைக்காரருக்கும் முன்னமே சொல்லி வையுங்கள்.

பதிவேட்டிலும் கவனம் வேண்டும். பி.எச்.ரி.யில் (நோயாளரின் கட்டில் அட்டை) 'ஹிஸ்டீரியா', 'கவனம் ஈர்க்கிறார்' என்று எழுதினால் அடுத்த டொக்டர் அதைத்தான் வாசிப்பார், நோயாளரைப் பார்க்கமாட்டார். கண்ட காட்சியை எழுதுங்கள். இப்படி: '10.40 மணி. தாயார் வீட்டுக்குப் போகக் கிளம்பியதும் கட்டிலில் சரிந்தார். கண் மூடியிருந்தது, திறக்க எதிர்த்தார். இரு கைகளும் வெவ்வேறு தாளத்தில். 6 நிமிடம். ஒட்சிசன் 98, சீனி 104. நாக்கில் காயமில்லை. பேச்சுக்கு விரல் அசைத்தார். 10.50க்குத் தண்ணீர் குடித்தார்.' 'தாயார் கிளம்பியதும்' என்ற அந்த ஒரு வரி ஒரு மாதத்தில் ஒரு படமாக விரியும்: தனித்து விடப்படும் நேரம், ஹெலி பறக்கும் சத்தம், வெடிக் கொளுத்தும் நாள், மே மாதம். போர் முடிந்த மே 18ஐ ஒட்டிய கிழமைகளில் அவருடைய கிளினிக்கை முன்னுக்கு இழுத்துப் போடுங்கள்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சி கொடுங்கள். நடை. வாசலிலிருந்து கிணற்றடி வரை, காலையும் மாலையும் ஐந்து நிமிடம். இரண்டு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். உளைவு குறைந்த நாளிலும் அந்த அளவுதான், கூடிய நாளிலும் அந்த அளவுதான். பெரும்பாலானோர் இதில்தான் பிழை விடுகிறார்கள். கொஞ்சம் சுகம் கண்ட அன்று கச்சான் தோட்டம் முழுதும் பிடுங்கி, பிறகு மூன்று நாள் பாயில் கிடப்பார்கள். கிளினிக்குக்கு வரும்போது "நோ எவ்வளவு" என்று தொடங்காமல், "இந்தக் கிழமை என்ன செய்யக்கூடியதாய் இருந்தது" என்று தொடங்குங்கள்.

மருந்து டொக்டரின் முடிவு. ஆனால் அமிற்றிப்ரிலின் (மனச்சோர்வுக்கும் நோவுக்கும் கொடுக்கும் குளிசை) எழுதியிருந்தால் வாய் வரளும், மலம் இறுகும், காலையில் மந்தமாய் இருக்கும் என்று முதலே சொல்லுங்கள். உடம்பின் சின்ன மாற்றத்தையும் கூர்ந்து கவனிப்பவர்கள் இவர்கள். சொல்லாமல் விட்டால் முதல் குளிசையோடு நிறுத்திவிடுவார்கள். மொத்தமாக விழுங்கினால் அது இதயத்தைத் தாக்கும் மருந்து, ஆகவே இரண்டு கிழமைக்கு மேல் கையில் கொடுக்காமல், தாயாரிடம் வைக்கச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் தனியாக, நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வருகிறது என்றால் அன்றே மனநலப் பிரிவுக்கு அறிவியுங்கள். வீட்டிலிருக்கும்போது கூப்பிட 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

கணவரைப் பற்றி நீங்களாகத் துருவ வேண்டாம். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று மறந்துபோன நாட்களைத் தோண்டுவது சிகிச்சை இல்லை. பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஆயத்தப்படுத்தித்தான் அதைத் தொட வேண்டும். அவர் சொன்னால் கேளுங்கள். "செத்திட்டார் எண்டு ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றும் சொல்லாதீர்கள், "வருவார்" என்றும் சொல்லாதீர்கள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் இருந்து கேட்ட, காணாமல் போனவர்களின் உறவினருக்கே பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதிலை ஒரு வாட்டில் நாம் கொடுக்க முடியாது. வீட்டில் அடி, அல்லது பாலியல் வன்முறை என்று தெரிந்தால், பெரிய வைத்தியசாலைகளில் இருக்கும் மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம், அதற்கென்றே உள்ளது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்டுவிடாதீர்கள்.

கோயில் விசயத்தில் தாயாரோடு சண்டை பிடிக்காதீர்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் கலை (அருள்) வந்து ஆடுபவர் நோயாளி இல்லை. அது சடங்குக்குள் வருகிறது, சடங்கோடு போகிறது, ஊரும் ஏற்கிறது. வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில், வாழ்க்கையைக் குலைத்துக்கொண்டு வந்தால்தான் அதை நோயாகப் பார்க்கிறோம். நூல் கட்டட்டும், விபூதி போடட்டும். மிளகாய்ப் புகை, வேப்பங்கொப்பால் அடி, பட்டினி, மருந்தை நிப்பாட்டுவது என்ற நாலும் கூடாது என்று மட்டும் தாயாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "நேர்த்திக்குப் போங்கோ அம்மா, குளிசையையும் கொண்டு போங்கோ" என்றால் அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

உங்களுக்கும் ஒரு சொல். இவரைப் பார்க்கும்போது எரிச்சல் வருவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரும். வாட்டில் உள்ள பலர் அதே பதுங்குகுழிகளிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு இந்தப் பெண்ணின் அழுகை தங்கள் அழுகையைப் போலவே கேட்கும். 'நடிப்பு' என்ற சொல் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். கடமை மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம், இன்று யார் போவது, யாருக்கு இன்று ஏலாது என்று சிஸ்டரோடு பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டொக்டர், ஒரு கிளினிக், ஒரு கொப்பி என்று ஆக்கிவிடுங்கள். முதலில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு நாலு கிழமைக்கு ஒரு தடவை. விழும்போது செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொப்பியின் முதல் தாளில் ஒட்டிவிட்டால், நடுச்சாமத்தில் 1990 என்ற இலக்கத்துக்குக் கூப்பிட்ட அம்புலன்ஸ் வந்து வேறு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனாலும் அங்குள்ளவருக்கு வழி தெரியும். அவர் வீட்டுக்குப் போகும்போது "வருத்தம் வந்தால் வாங்கோ" என்று அனுப்பாமல், அடுத்த திகதியை நீங்களே கொப்பியில் எழுதி, அவர் கண் முன்னால் வாசித்துக் காட்டி அனுப்புங்கள்.